நிழற்றோட்டமும் கச்சோலமும்

தோட்டம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன வெயிலில் விரிந்து நிற்கும் பூஞ்செடிகளே. ரோஜாவும் செவ்வந்தியும் கதிரொளியை வேண்டி நிற்பன. ஆயின், நம் வீடுகளைச் சூழ்ந்த நிலம் முழுவதும் வெயில் படுவதாய் இருப்பதில்லை. கிணற்றின் வடபுறம், தென்னையின் அடி, மாட்டுக்கொட்டிலின் பின்புறம், இரு சுவர்களுக்கு இடைப்பட்ட சந்து ஆகியன ஆண்டு முழுதும் நிழலிற் கிடக்கின்றன. அவ்விடங்களில் உடைந்த பானையும் பழைய ஓடும் குவிவதன்றிப் பசுமை காண்பது அரிது. அந்நிழலிடத்தையும் ஒரு சிறு தோட்டமாக்கலாம் என்பதையும், அதற்கேற்ற செடியொன்று நம் கையெட்டும் தொலைவிலேயே உண்டு என்பதையும், அச்செடியை யாம் அறியாமையால் அழிக்கத் தலைப்பட்டுப் பின்னர் மீட்ட வரலாற்றையும் எடுத்துரைப்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

எமது ஊர் வலங்கைமான். குடமுருட்டியாற்றின் கரையில், கும்பகோணத்திற்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ளது. நாவன்மையாற் புகழ்பெற்ற மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் 1869-ஆம் ஆண்டிற் பிறந்த ஊர் என்று கற்றோர் அறிவர். பாடைகட்டி மாரியம்மன் திருவிழா நிகழும் ஊர் என்று மற்றோர் அறிவர். எப்புறம் நோக்கினும் நெல்வயலே. நெல்லோ நிழலைப் பொறாதது. வயலோரத்து மரம் கிளை பரப்பினால் அதன் அடியிலுள்ள கதிர் பதராகிவிடும் என்று உழவர் அக்கிளையைக் கழித்துவிடுவர். இத்தகைய வெயில் நாட்டிற் பிறந்த யாம், நிழலிற் செடி வளர்க்கும் ஆசை கொண்டது ஒரு படத்தினாலேயாம்.

கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில், நூலகத்துப் படநூலொன்றைப் புரட்டிக் கொண்டிருந்தபோது, மரநிழலில் இலைகளே பூவாய் விரிந்து கிடந்த ஒரு பாத்தியின் படம் எம் கண்ணைக் கவர்ந்தது. அச்செடியின் பெயர் ஹோஸ்டா. ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகள் அதன் தாயகம். அதனைப் பூவுக்காக வளர்ப்போர் சிலர். இலைக்காக வளர்ப்போரே பலர். நீலம் பாய்ந்த பச்சை, வெண்கரை இட்ட பச்சை, பொன்மஞ்சள் என இலையின் நிறம் பலவாகும். ஒரு பாகம் அகலும் பெருஞ்செடியும் அவற்றுள் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் குறுஞ்செடியும் உண்டு. குறுஞ்செடிகளுள் 'புளூ மவுஸ் இயர்ஸ்' என்பது பெரும்புகழ் வாய்ந்தது. அதன் தடித்த சிற்றிலைகள் சுண்டெலியின் காதினைப் போல இருத்தலின் அப்பெயர் இட்டனர். அரையடி உயரமே வளரும் அச்செடி 2008-ஆம் ஆண்டிற்குரிய சிறந்த ஹோஸ்டாவாக அமெரிக்கத் தோட்டக்காரர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டது.

படத்தைக் கண்டது போதாதென்று பொருளையும் பெற விழைந்தோம். சில மாதங்கள் மிச்சம் பிடித்த காசினை அஞ்சல்வழிச் செடி விற்போர் ஒருவருக்கு அனுப்பி, ஹோஸ்டாவின் வேர்க்கிழங்கு இரண்டினைத் தருவித்தோம். விடுமுறையில் ஊருக்குக் கொண்டுசென்று, கிணற்றடியில் எம் அப்பாயி வைத்திருந்த கச்சோலப் பாத்தியின் அருகே நட்டோம். அப்பாயி அதனைக் குனிந்து பார்த்து, "ஏப்பா, இது எந்த மாசம் ஒறங்கும்?" என்று வினவினார். செடிக்கு உறக்கம் ஏது என்று யாம் நகைத்தோம். அவர் வினாவே அச்செடியின் வாழ்வும் சாவுமாகும் என்பதை அன்று அறிந்தோமில்லை.

ஹோஸ்டா முளைத்தது. நான்கைந்து இலையும் விட்டது. ஆனால் மார்கழி வந்தும் அது முறையாக உதிரவில்லை. வெளிறி, சோர்ந்து, நின்றது நின்றவாறே இருந்தது. மறு ஆண்டில் விரல்நகம் அளவிற் சில இலைகள் தோன்றின. அதன்பின் ஒன்றுமில்லை. நீரும் எருவும் குறைவின்றி இட்டும் அது மடிந்த காரணம் யாது? தோட்டக்கலை நூல்கள் விடை கூறுகின்றன. குளிர்நாட்டிற் பிறந்த அச்செடி, குளிர்காலத்தில் இலை உதிர்த்து மண்ணுக்குள் உறங்குவது. ஏறத்தாழ 5 டிகிரிக்கும் கீழான குளிர் சில வாரங்களேனும் தொடர்ந்து பட்டால்தான் அவ்வுறக்கம் நிறைவுறும். நிறைவுற்றால்தான் மறு ஆண்டின் குருத்து வலுவுடன் எழும். எம்மூரிலோ தை மாதத்து இரவிலும் 20 டிகிரிக்கு மிகவும் கீழே குளிர் இறங்குவது அரிது. உறங்க விடாத ஊரில் வைத்து அதனை ஊட்டி ஊட்டியே கொன்றோம் என்பதே உண்மை.

நிற்க. அவ்வளவில் எம் ஆசை ஒழிந்திருக்குமாயின் இக்கட்டுரை பிறந்திராது. ஹோஸ்டாவின் வரலாற்றைத் தேடிப் படிக்கையில் வியப்பான செய்தியொன்று கிட்டியது. அச்செடியை ஐரோப்பியருக்கு முதன்முதற் படம் வரைந்து காட்டியவர் எங்கல்பர்ட் கெம்ப்பர் என்னும் ஜெர்மானிய மருத்துவர். ஒல்லாந்தக் கம்பெனியின் பணியில் 1690 முதல் 1692 வரை ஜப்பானின் நாகசாகித் துறையில் வாழ்ந்து, ஆங்குக் கண்ட செடிகொடிகளைத் துருவி ஆராய்ந்து, 1712-இல் நூலாக வெளியிட்டார். ஜப்பானியர் அதனைக் 'கிபோஷி' என்பர். பாலத்துத் தூண்களின் தலையில் வைக்கும் குமிழ்போல அதன் மொட்டு இருத்தலால் அப்பெயர் வந்தது. பின்னர் 1812-இல், ஆஸ்திரிய நாட்டு மருத்துவரும் செடிநூல் வல்லுநருமான ஹோஸ்ட் என்பாரின் நினைவாக அதற்கு ஹோஸ்டா என்று பெயரிட்டனர். ஆகவே, முதலிற் கண்டவர் பெயர் அச்செடிக்கு வாய்க்கவில்லை.

அவர் பெயர் எச்செடிக்கு வாய்த்தது? லின்னேயஸ் என்னும் பேரறிஞர் 1753-இல் உலகச் செடிகளை வகைப்படுத்தியபோது, இஞ்சிக் குடும்பத்தைச் சார்ந்த ஓர் இனத்திற்குக் கெம்ப்பரின் பெயரைச் சூட்டி 'கெம்ப்பேரியா' என்றார். அவ்வினத்துள் அவர் விளக்கிய 'கெம்ப்பேரியா கலங்கா' என்பதே எம் அப்பாயியின் கிணற்றடியில் இருந்த கச்சோலம்! அதற்கும் முன்னரே, 1692-இல் வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் பெருநூலின் 11-ஆம் தொகுதியில், கச்சோலக் கிழங்கு என்னும் மலையாளப் பெயருடனேயே இச்செடி இடம் பெற்றிருக்கிறது. மேலும், அமெரிக்காவின் தென்பகுதியில், வெப்பம் மிகுதியாதலின் ஹோஸ்டா செழிக்காத இடங்களில், நிழற்றோட்டம் வைப்போர் அதற்கு ஈடாக வளர்ப்பதும் இக்கெம்ப்பேரியா இனத்துச் செடிகளையேயாம். மயிற்கண் போன்ற கோலம் இலையிற் பொறித்த வகைகளை அவர்கள் மயிலிஞ்சி என்னும் பொருள்படப் பெயரிட்டுத் 'தென்னாட்டு ஹோஸ்டா' என்றே பாராட்டுகின்றனர். எதனைக் கடல் கடந்து தேடினோமோ அதற்கு மாற்றானது எம் கொல்லையிலேயே, யாம் நட்ட ஹோஸ்டாவுக்கு ஒரு முழத் தொலைவில் இருந்தது.

இவ்விடத்தில் மற்றொன்றும் சொல்லத் தகும். இஞ்சிக் குலத்துச் செடிகளை ஆராய்ந்தோருள் ஒருவரான கேனிக், லின்னேயஸிடம் பயின்றவர்; 1768-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்தவர்; சோழ நாட்டுச் செடிகளைத் தொகுத்ததோடு சயாம், மலாக்கா முதலிய இடங்களுக்கும் சென்று ஆய்ந்தவர். இக்குலத்தைப் பற்றிய அவருடைய குறிப்புகள் 1783-இல் ஐரோப்பாவில் அச்சேறின. தமிழ் அகராதி தொகுத்த ராட்லர் ஐயரும் தரங்கம்பாடியிற் பணிபுரிந்த செடிநூற் புலவரே. சொல்லைத் தொகுத்த கையே செடியையும் தொகுத்தது என்பது தமிழ் பயிலும் எமக்குப் பெருமகிழ்ச்சி அளிப்பதாகும்.

இனிக் கச்சோலத்தின் உருவை விளக்குவோம். இச்செடிக்குத் தண்டு என்று சொல்லத்தக்கது வெளியில் இல்லை. கிழங்கினின்று இரண்டு அல்லது மூன்று இலைகள் தோன்றி, ஏறத்தாழ வட்டமாய் விரிந்து, தரையோடு தரையாகப் படிந்து கிடக்கும். தாமரையிலை நீர்மேற் படிவதுபோல இது நிலத்தின்மேற் படிகின்றது எனலாம். மழைக்காலத்தில் இலைகளின் நடுவே வெண்ணிறப் பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மலரும். அவற்றின் இதழில் ஊதாநிறப் பொட்டு ஒன்று உண்டு. காலையில் மலர்ந்த பூ அன்றே வாடிவிடும். கிழங்கை முறித்தால் எழும் மணம் கற்பூரமும் இஞ்சியும் கலந்தாற் போன்றது. எத்தில் பாரா-மெத்தாக்ஸி சின்னமேட் என்னும் பொருளே அதன் எண்ணெயில் தலைமையானது என்பர் வேதிநூலார்.

பெயரால் மயங்குதல் வேண்டா. கச்சோலம், கிச்சிலிக்கிழங்கு, பூலாங்கிழங்கு ஆகிய பெயர்கள் மணமுள்ள பல கிழங்குகளுக்கு ஊருக்கு ஊர் மாறி வழங்குகின்றன. நாட்டு மருந்துக்கடையில் ஒரு பெயரைச் சொன்னால் மற்றொன்று கிட்டுதலும் உண்டு. ஆதலின் நடுவதற்கு விரும்புவோர் செடியையே கண்டு வாங்குதல் நன்று. இலை நிமிர்ந்து நின்று இடுப்பளவு உயர்ந்தால் அது மஞ்சளினம். தரையிற் படிந்து கிடந்தாற் கச்சோலம்.

இதன் பயன் நம் நாட்டோடு நிற்பதன்று. யாவகத்தார் இதனைக் கென்சூர் என்று அழைத்து, ஊறவைத்த அரிசியோடு சேர்த்து அரைத்து, வெல்லமிட்டுப் பருகுகின்றனர். அரிசியைச் சோறாகவும் கஞ்சியாகவும் பலகாரமாகவும் உண்ணும் நமக்கு, அரிசியில் இப்படியும் ஒரு பானகம் உண்டு என்பது புதுமையன்றோ? மலாய் நாட்டார் இதன் இளவிலையைப் பச்சையாகவே சோற்றோடு உண்பர். கேரளத்தார் தென்னைகளுக்கு இடையே இதனை மருந்துப் பயிராக விளைவிப்பர். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் கஸ்தூரி, ரஜனி என்னும் இரு தேர்ந்த வகைகளை வெளியிட்டுள்ளது. எம் இல்லத்தில் இதன் பயன் மிக எளியது. உலர்ந்த கிழங்கைச் சீவி, குளியற் பொடியில் அரைத்துச் சேர்ப்பர்; சில வில்லைகளைத் துணியில் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற்கு உடுத்தும் சேலைகளின் நடுவே பெட்டியில் வைப்பர். அப்பாயியின் பெட்டியைத் திறந்தால் எழும் மணம் இதுவே.

இனி வளர்க்கும் முறையைக் கூறுவோம். முதலாவது நிழல். நிழலென்பது இருளன்று. இருட்டிற் கச்சோலம் வெளிறும். நண்பகல் வெயிலிற் கருகும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. நண்பகலில் நடவேண்டிய இடத்தில் ஒரு முழ உயரத்திற் கையை நீட்டுக. கையின் நிழல் கூரிய விளிம்போடு விழுந்தால் வெயில் மிகுதி. நிழலே விழாவிட்டால் ஒளி போதாது. விளிம்பு மங்கிய நிழல் விழுந்தால் அவ்விடமே தக்கது. காலையிளவெயில் இரண்டொரு நாழிகை படுமாயின் இன்னும் நன்று. தென்னையின் அடியும், முருங்கையின் அடியும், வீட்டின் கீழ்ப்புறச் சுவரோரமும் ஏற்றவை. ஆனால் தாழ்வாரத்தின் இறவாணத்து நீர் நேரே விழும் இடத்தை விலக்குக; அந்நீர் மண்ணைக் குழித்துக் கிழங்கை வெளிப்படுத்திவிடும்.

தக்க நிழல் இல்லாதோர் அதனை உண்டாக்கிக் கொள்ளலாம். இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் நம்மிடையே உளர். காவிரிக்கரையில் வெற்றிலை பயிரிடும் கொடிக்காற்காரரே அவ்வாசிரியர். 2025-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை அவர்தம் உழைப்பின் பயனாகும். அவர்கள் முதலில் அகத்தியை வரிசையாக விதைப்பர். அது விரைந்து வளர்ந்து கொடிக்குக் கொம்பும் நிழலும் ஆகும். கோடையில் அதன் தழையை விட்டுவைப்பர். மழைக்காலத்தில் மேகமே நிழல் தருதலின் தழையைக் கழித்து ஒளியை உள்ளே விடுவர். நிழலை ஏற்றவும் இறக்கவும் அறிந்த இவ்வறிவு நூலிற் கற்றதன்று. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கரையேறிய கஜாப் புயல் சோழ நாட்டில் எண்ணற்ற தென்னைகளை வீழ்த்தியது. எம் கிணற்றடித் தென்னையும் அன்று சாய்ந்தது. பல்லாண்டு வளர்ந்த நிழல் ஓரிரவில் மறைந்தது. மறுமாதமே அப்பாயி நான்கு அகத்தி விதைகளை அவ்விடத்தில் ஊன்றினார். தென்னம்பிள்ளை தலையெடுக்கும்வரை அகத்தியே கச்சோலத்திற்குக் குடையாயிற்று.

இரண்டாவது மண். நம் நாட்டு வண்டலும் களியும் நெல்லுக்கு அமிழ்து. கிழங்குக்கு அவை நஞ்சாகவும் கூடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையிற் கொல்லையெல்லாம் நீர் தேங்கும்போது கிழங்கு மூச்சு முட்டி அழுகும். ஆதலின் பாத்தியைத் தரைமட்டத்தினின்று ஓரடி உயர்த்துதல் வேண்டும். வண்டல் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மட்கிய இலையும் தொழுவெருவும் சேர்ந்து ஒரு பங்கு எனக் கலந்து யாம் பாத்தி அமைத்தோம். பாத்தியைச் சுற்றி நீர் வடியச் சிறு வாய்க்கால் இன்றியமையாதது.

மூன்றாவது நடுதல். வைகாசி ஆனி மாதங்கள் ஏற்றவை. ஒரு முளையேனும் உள்ள துண்டுகளாகக் கிழங்கை நறுக்கி, சாணக் கரைசலில் தோய்த்து நிழலில் உலர்த்தி, இரண்டங்குல ஆழத்தில், அரையடிக்கு ஒன்றாக ஊன்றி, மேலே காய்ந்த இலையைப் பரப்பிவிடல் வேண்டும். மண் ஈரமாய் இருந்தாற் போதும், சேறாதல் கூடாது. மூன்று வாரத்திற் சுருண்ட குருத்துத் தோன்றும். இலை விரிந்தபின் மாதம் ஒருமுறை மட்கிய எருவைக் கைப்பிடியளவு தூவலாம்.

பகைவர் இருவர். ஒருவர் நத்தை, மழையிரவில் வந்து இலையைச் சல்லடையாக்குவார். ஹோஸ்டாவுக்கும் குளிர்நாட்டில் இவ்வினத்தாரே பெரும்பகை என்பது குறிக்கத்தக்கது. இரவில் விளக்கோடு சென்று பொறுக்கி அகற்றுவதே சிறந்த வழி. பாத்தியின் விளிம்பிற் சாம்பல் தூவுதலும் சிறிது தடுக்கும். மற்றொருவர் வீட்டுக் கோழி. காய்ந்த இலையைச் சீய்த்துக் கிழங்கைக் கிளறும் அவரைத் தடுக்க, முள்வேலியன்றி வேறு தத்துவம் எமக்குத் தெரியாது.

நான்காவதும் தலையாயதும் உறக்கம். இதனை யாம் கற்ற விதத்தையே இனிச் சொல்லுகின்றோம்.

கடந்த மார்கழியில் அப்பாயி காலமானார். விடுமுறைக்கு ஊர் சென்ற யாம், அடக்கத்தின் பின்னாளில் கிணற்றடிக்குச் சென்றபோது, கச்சோலத்தின் இலைகளெல்லாம் மஞ்சளித்துச் சுருண்டு கிடந்தன. வீட்டில் நோயும் துயரும் நிறைந்திருந்த நாட்களில் நீர் விடுவார் இன்றி அவை வாடின என்று கருதினோம். அவர் வைத்த செடியும் அவரோடே போகலாகாது என்ற எண்ணத்தால், காலையும் மாலையும் குடம் குடமாய் நீர் இறைத்து ஊற்றினோம். கல்லூரிக்குத் திரும்பும்போது அப்பணியை எம் தங்கையிடம் ஒப்படைத்தோம். அவளும் தை, மாசி இரு மாதமும் ஒருநாளும் தவறாது ஊற்றினாள். இலை வரவில்லை. வராதது கண்டு நீரை இன்னும் மிகுத்தாள். தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம், "இன்னும் வரலண்ணே" என்பாள். "இன்னும் ஊற்று" என்போம்.

பங்குனியில் யாம் ஊருக்குச் சென்றிருந்தபோது, ஆட்டுக்கு அகத்தித் தழை கழிக்க முதியவர் ஒருவர் வந்தார். இளமையிற் கொடிக்காலில் வேலை செய்தவர். சொதசொதவென்றிருந்த பாத்தியையும், குடத்தோடு நின்ற எம்மையும் மாறி மாறி நோக்கி, "தம்பி, இது சாவல, ஒறங்குது. ஒறங்குற புள்ளைய எழுப்பி யாராச்சும் சோறு ஊட்டுவாங்களா? தண்ணிய நிறுத்துங்க" என்றார். குடம் எம் கையினின்று தானே இறங்கியது. அப்பாயி ஹோஸ்டாவைக் கண்டு கேட்ட வினா அப்பொழுதுதான் எமக்குப் புரிந்தது.

அவரே மண்ணைக் கிளறிக் காட்டினார். பாதிக்கு மேற்பட்ட கிழங்குகள் பழுப்புநிறக் கூழாய்க் கையில் வந்தன. மணத்திற்கு மாறாக நாற்றம் எழுந்தது. துழாவித் துழாவி எடுத்ததில் உறுதியாய் இருந்தவை ஏழு துண்டுகளே. அவற்றைக் கழுவாமல் மண்ணை மட்டும் உதிர்த்து, சாம்பல் புரட்டி, நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணல் நிறைத்த பழஞ்சட்டியில் இட்டு அடுக்களைப் பரணில் வைக்கச் சொன்னார். "மழை ஒண்ணு பேஞ்சதும் நடுங்க" என்று கூறிச் சென்றார்.

உண்மை யாதெனில், கச்சோலம் மார்கழி தையில் இலையுதிர்த்துப் பங்குனி சித்திரை வரையில் மண்ணுக்குள் உறங்குவது. அதன் தாயகமாகிய பருவமழை நாடுகளில் மழைக்குப்பின் நீண்ட வறட்சி வரும். அவ்வறட்சியைக் கழிக்கக் கிழங்கில் உணவைச் சேர்த்துக்கொண்டு, இலையைத் துறந்து, வினையடங்கி இருக்கின்றது. வினையடங்கிய கிழங்கு நீரை உண்பதில்லை. உண்ணாத நீர் மண்ணில் தங்கி, காற்றை வெளியேற்றி, அழுகல் நோய்க்கு இடமாகின்றது. ஹோஸ்டா குளிரால் உறங்கும். கச்சோலம் வறட்சியால் உறங்கும். முன்னதற்கு வேண்டிய உறக்கத்தை எம்மூர் தர இயலாது. பின்னதற்கு வேண்டியதைத் தானாகவே தருகின்றது. யாமே அதனைக் கெடுத்தோம். இலை மஞ்சளிக்கத் தொடங்கியதும் நீரைக் குறைத்து, காய்ந்ததும் அறவே நிறுத்திவிடுதல் வேண்டும் என்பதே இதனால் யாம் கற்றது. அப்போது கிழங்கைத் தோண்டி வேண்டியதை எடுத்துக்கொண்டு, எஞ்சியதை உலர்ந்த மணலிற் காப்பதும் ஒரு முறையே. மண்ணிலேயே விடுவோர், வெற்றிடம் என்று எண்ணி வேறு செடி நடாதபடி நான்கு மூலையிலும் குச்சி நட்டு வைத்தல் நன்று.

வைகாசியில் இடியோடு கூடிய கோடைமழை ஒன்று பெய்தது. புதிதாய் மண்ணை மாற்றி உயர்த்திய பாத்தியில் ஏழு துண்டுகளையும் நட்டோம். இருபது நாள் வரை ஒன்றும் தோன்றவில்லை. நீர் மிகுதியாய் ஊற்றவேண்டும் என்று கை துடித்தது, அடக்கிக்கொண்டோம். மேட்டூர் நீர் வந்து ஆற்றில் நுங்கும் நுரையுமாய்ப் பெருகிய நாட்களில், ஒரு காலை, தங்கை ஓடிவந்து அழைத்தாள். குருத்துகள் ஐந்து, சுருட்டிய ஓலைபோல நின்றன. எஞ்சிய இரண்டும் எழவில்லை. ஆடி பிறக்குமுன் ஐந்தும் இலை விரித்துத் தரையிற் படிந்தன. ஆவணியில் முதற்பூ மலர்ந்தது. அதனை யாம் காணவில்லை, கல்லூரியில் இருந்தோம். தங்கை கண்டாள், அவள் நீர் ஊற்றிய கைக்கு அது தகும்.

விடுதியில் வாழும் அன்பர்கள், எமக்குக் கொல்லை ஏது என்பீராயின், சட்டி ஒன்று போதும். ஆழமற்ற அகன்ற மண்சட்டியாக இருத்தல் வேண்டும்; அடித்துளையை ஓட்டுச் சில்லால் மூடி, மேற்கூறிய மண்கலவையை நிரப்பி, ஒரு துண்டை நட்டு, வடக்குத் தாழ்வாரத்தில் வைக்கலாம். கோடை விடுமுறையில் நீர் விடுவார் இல்லையே என்று பிற செடி வைத்திருப்போர் கவலுவர். கச்சோலம் வைத்தவருக்கு அக்கவலை இல்லை. நாம் ஊருக்குச் செல்லும் காலமும் அது உறங்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றே. மாணவர்க்கென்றே அமைந்த செடி என்று கூறினும் மிகையாகாது.

பிறநாட்டுப் பொருளை விரும்புதல் குற்றமன்று. அவ்விருப்பமே கெம்ப்பரின் வரலாற்றுக்கும், அதன்வழியே அப்பாயியின் பாத்திக்கும் எம்மை அழைத்துச் சென்றது. ஆயினும் எச்செடியையும் வளர்க்கப் புகுமுன், அது எவ்வளவு நீர் உண்ணும், எவ்வளவு எரு உண்ணும் என்று வினவுவதோடு, எப்போது உறங்கும் என்றும் வினவுதல் வேண்டும். ஊட்டுதலினும் உறங்க விடுதல் அரிது. அன்பு மிக்கார்க்கு அஃது இன்னும் அரிது. வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்கும் பொறுமையே நிழற்றோட்டக்காரரின் முதற் கருவியாகும்.

இவ்வாண்டு மார்கழியில் இலை காயும். காயட்டும். தங்கை குடத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். தையில் தோண்டும்போது ஐந்து செடியின் கிழங்கும் பலவாய்ப் பெருகியிருக்கும் என்று நம்புகின்றோம். சில வில்லை அப்பாயியின் பெட்டிக்கு. சில துண்டு அடுத்த வைகாசிக்கு. எஞ்சியதை, வேண்டும் அன்பர்கள் எம்மிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். பெறுவோர் தரவேண்டிய விலை ஒன்றே: அது உறங்கும்போது நீர் ஊற்றலாகாது.